தரவுத்தளப் பாடத்தின் கற்றல் விளைவுகள்: வினைச்சொல்லும் சான்றும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பொறியியல் பாடத்திட்டங்களில் தரவுத்தள மேலாண்மைப் பாடத்திற்கு எழுதப்படும் கற்றல் விளைவுகள் பல, வினைச்சொல் தேர்வோடு நின்றுவிடுகின்றன. விளைவின் தரத்தைத் தீர்மானிப்பது வினைச்சொல் மட்டும் அன்று; மாணவருக்குத் தரப்படும் சூழலும் அவரிடம் கோரப்படும் சான்றுமே என்பதை இயல்பாக்கம், பரிவர்த்தனை ஆகிய இரு பகுதிகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கற்றல் விளைவு, தரவுத்தளம், இயல்பாக்கம், பரிவர்த்தனை, அடைவு மதிப்பீடு.

முன்னுரை

2014ஆம் ஆண்டு இந்தியா, தேசிய அங்கீகார வாரியத்தின் வழியாக வாஷிங்டன் உடன்படிக்கையின் நிரந்தர உறுப்பு நாடாயிற்று. இதையொட்டி, விளைவு அடிப்படையிலான கல்விமுறை பொறியியல் கல்லூரிகளில் வலுப்பெற்றது. பாடத்தின் விளைவுகளை வரையறுத்தல், அவற்றைப் பட்டப்படிப்பின் விளைவுகளோடு 1, 2, 3 என்னும் அளவில் பொருத்துதல், மதிப்பெண்களிலிருந்து அடைவைக் கணக்கிடுதல் ஆகியன ஆசிரியர் பணியின் பகுதிகளாயின. ஆயினும் கணக்கீட்டிற்குக் கிட்டும் கவனம் வரையறைக்குக் கிட்டுவதில்லை.

வினைச்சொல்லின் எல்லை

புளூம் குழுவினர் 1956இல் வெளியிட்ட வகைப்பாடு, 2001இல் ஆண்டர்சன், கிராத்வோல் ஆகியோரால் திருத்தப்பெற்று, நினைவுகூர்தல் முதல் படைத்தல் வரையிலான ஆறு நிலைகளாக வழங்குகிறது. விளைவு எழுதுவோர் இதனையொட்டிய வினைப்பட்டியல்களை நாடுகின்றனர். 'தரவுத்தளத்தை வடிவமைப்பர்' என்று எழுதியவுடன் அவ்விளைவு ஆறாம் நிலைக்குரியதாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் வகுப்பில் வரைந்துகாட்டிய நூலகத் தரவுத்தளமே தேர்விலும் கேட்கப்படின், அங்கு நிகழ்வது படைத்தல் அன்று, நினைவுகூர்தலே. செயல், சூழல், அளவுகோல் ஆகிய மூன்றையும் குறிக்கோள் சுட்ட வேண்டும் என ராபர்ட் மேகர் 1962இலேயே வலியுறுத்தினார். இவற்றுள் செயல் ஒன்றே பெரும்பாலான பாடத்திட்டங்களில் எஞ்சியுள்ளது.

இயல்பாக்கம்

'இயல்பாக்கத்தின் வகைகளை விளக்குவர்' என்னும் விளைவை வரையறைகளை மனனம் செய்தே எட்டிவிடலாம். மாறாக, தெரு, நகர், அஞ்சல் குறியீடு என்னும் மூன்று புலங்கள் கொண்ட ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். நகரும் தெருவும் சேர்ந்து குறியீட்டைத் தீர்மானிக்கும். குறியீடு நகரைத் தீர்மானிக்கும் எனக் கொள்வோம். இவ்வட்டவணை மூன்றாம் இயல்வடிவில் உள்ளது. பாய்ஸ்–காட் இயல்வடிவில் இல்லை. பிரிக்காமல் விட்டால் ஒரே குறியீட்டிற்குரிய நகரின் பெயர் பல வரிசைகளில் மீள்கிறது. குறியீடு–நகர், தெரு–குறியீடு எனப் பிரித்தாலோ, முதற்சார்பை எந்த ஓர் அட்டவணையிலும் தனித்துச் சரிபார்க்க இயலாது. இரண்டில் எதைத் தேர்வது என்பதற்கு மனப்பாடத்தில் விடையில்லை. எனவே, 'முன்பு காணாத சார்புகள் தரப்படும்போது, திறவுகோல்களைக் கண்டறிந்து, அட்டவணையை இழப்பின்றிப் பிரித்து, தேர்ந்த இயல்வடிவிற்குக் காரணம் காட்டுவர்' என்பதே அப்பகுதிக்குரிய விளைவாகும்.

பரிவர்த்தனை

பரிவர்த்தனையின் நான்கு பண்புகளைப் பட்டியலிடச் சொல்வது பழகிய வினா. இரு முகவர்கள் ஒரே இருக்கையை ஒரே நேரத்தில் பதிவுசெய்யும் செயல் வரிசையைத் தந்து, செயல்களுக்கிடையிலான மோதல்களைக் குறித்து முன்னுரிமை வரைபடம் வரையச் செய்யலாம். வரைபடத்தில் சுழற்சி உண்டாயின் அவ்வரிசை மோதல்நிலையில் தொடர்வரிசைக்கு நிகரன்று என மாணவர் நிறுவ வேண்டும். பண்புகளின் பெயரை அறிந்தவரையும் அவற்றின் தேவையை உணர்ந்தவரையும் இவ்வினா பிரித்துக்காட்டும்.

ஒரு மறுப்பு

இவ்வாறு நுணுகி எழுதின் விளைவுகள் சரிபார்ப்புப் பட்டியலாகச் சுருங்கும், ஆசிரியரின் உரிமை குறையும் என்பர். ஐந்தாறு விளைவுகளுக்குள் முழுப்பாடத்தையும் அடக்க வேண்டியிருப்பதால் இம்மறுப்பைப் புறந்தள்ள இயலாது. விளைவு திறனின் வகையையும் சான்றின் வடிவத்தையும் மட்டும் சுட்டினால் போதும். குறிப்பிட்ட சிக்கலைத் தேர்வது வினாத்தாள் அமைப்பவரின் உரிமையாகவே இருக்கலாம்.

முடிவுரை

நினைவாற்றலைச் சோதிக்கும் வினாவிற்குப் பெற்ற மதிப்பெண், அடைவு அட்டவணையில் வடிவமைப்புத் திறனாகப் பதிவாகிறது. அந்த எண்ணை நம்பியே பாடத்திட்டம் திருத்தப்படுகிறது அல்லது திருத்தம் தேவையில்லை என முடிவாகிறது. வரையறை பிழைபடின் கணக்கீடு எத்துணைத் துல்லியமாயினும் பயனில்லை. ஆதலால் விளைவை எழுதும்போதே அதற்குச் சான்றாகும் ஒரு வினாவையும் உடன் எழுதுதல் வேண்டும். அத்தகைய வினாவை எழுத இயலாத விளைவு இன்னும் வரையறுக்கப்படவில்லை என்றே கொள்ளத்தகும்.