மீண்ட குரலும் நீங்காச் சாபமும்: மொனிக் ராஃபியின் கடற்கன்னிப் புதினம்

மொனிக் ராஃபியின் ‘தி மெர்மெய்ட் ஆஃப் பிளாக் காங்க்’ (2020), கரீபியத் தைனோ மக்களின் அய்காயியா தொன்மத்தை 1976ஆம் ஆண்டுக் கற்பனைத் தீவொன்றில் மறுஆக்கம் செய்கிறது. பெண்களின் சாபத்தால் கடற்கன்னியானவளை அமெரிக்கர் தூண்டிலிட்டுப் பிடித்துத் துறையில் தலைகீழாகத் தொங்கவிடுகின்றனர். மீனவன் டேவிட் மீட்கிறான். டேவிட்டின் நாட்குறிப்பு, படர்க்கைக் கூற்று ஆகியவற்றுக்கு இடையே அவளது கூற்று மட்டும் கவிதை வடிவில் அமைகிறது. ஐரோப்பியக் குடியேற்றத்தால் சிதைக்கப்பட்ட இனத்தின் பெண், பிறர் பேசும் பொருளாக அன்றித் தானே பேசுபவளாகிறாள். ஆயினும் சாபத்தின் வேர் பெண்களின் பொறாமையிலேயே நிலைக்கிறது. அண்டைவீட்டுப் பிரிசில்லாவின் பகைமை அதனைப் புதுப்பிக்கிறது. வேட்டையாடிய ஆண்களின் வன்முறையைக் கண்முன் நிறுத்தும் புதினம், அவள் மீண்டும் கடலுக்குத் திரும்ப நேர்வதன் பழியைப் பெண்கள்மீதே சுமத்துகிறது. குரலை மீட்ட இம்மறுஆக்கம், தொன்மத்தில் உறைந்த பெண்பழிப்பை வினவாமல் விட்டுவிடுகிறது என்பது பெறப்படும்.