1855-இன் பதிவேடு

ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதியத் தொடங்கியது. அந்த முதல் ஆண்டின் பிறப்புப் பதிவு ஒன்றைப் பார்த்தால் மனம் நிறைந்துவிடும். தாய் தந்தையரின் வயது, பிறந்த ஊர், மணம் முடித்த நாள், இடம், உயிரோடு இருக்கும் பிள்ளைகள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்று அத்தனையும் ஒரே பதிவில்! எழுதி மாளவில்லை போலும். மறு ஆண்டே கேள்விகளைக் குறைத்துவிட்டார்கள். எனக்கு அது பேரிழப்பாகவே படுகிறது.

ஆனாலும் குழந்தையின் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரை விடாமல் எழுதினார்களே, அது பெரிய கொடை. தாய்வழித் தேடல் அறுந்து போகாமல் இருப்பது அதனால்தான்.

இந்தப் பதிவுகள் ‘ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்’ இணையதளத்தில் படங்களாகவே கிடைக்கின்றன. ஆனால் உள்ளூர்க் காப்பகத்தின் சுவை வேறு. கிளாஸ்கோவின் மிட்செல் நூலகத்தில் இருக்கும் நகர ஆவணக் காப்பகத்தில், ஏழைகள் உதவி கேட்டு வந்தபோது அதிகாரிகள் எழுதிவைத்த குறிப்புகள் உள்ளன. எங்கே பிறந்தார், என்ன வேலை செய்தார், என்ன நோய், பிள்ளைகள் யார் யார் என்று விசாரித்து எழுதியிருக்கிறார்கள். நிலமோ உயிலோ விட்டுப்போகாத ஒரு விதவையின் வாழ்க்கை, சாய்ந்த கையெழுத்தில், அரைப் பக்கத்தில் இருக்கிறது.