தனிமையும் பேச்சுத்துணையும்: சில ஆங்கிலச் சொற்களின் தமிழாக்கம்

உடன் ஒருவரும் இல்லாதிருத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் மூன்று, மொழிபெயர்ப்பாளரை அடிக்கடி இடர்ப்படுத்துவன. 'அலோன்' என்பது அந்நிலையை மட்டும் கூறும். அது இனியதா இன்னாததா என உரைக்காது. 'லோன்லி' என்பது வருத்தத்தைக் கூறும். அவ்வருத்தம் பலர் நடுவிலும் தோன்றலாம். 'சாலிடியூட்' பெரும்பாலும் ஒருவர் விரும்பி ஏற்ற ஒதுக்கம். இம்மூன்றுக்கும் 'தனிமை' என்ற ஒரே சொல்லை வைப்பது தமிழில் வழக்கமாகிவிட்டது. வேறு சொல் இல்லை என்பதே கூறப்படும் காரணம். அக்காரணம் முழுதும் ஏற்கத்தக்கதன்று.

ஆங்கிலத்திலும் இவ்வேறுபாடு தொடக்கம்முதல் இருந்ததில்லை. 'ஆல்', 'ஒன்' என்னும் இரு சொற்கள் இணைந்து 'அலோன்' ஆயிற்று. முற்றிலும் ஒருவராய் என்பது அதன் சொற்பொருள். அதன் முதல் தேய்ந்து 'லோன்' பிறந்தது, அதிலிருந்து 'லோன்லி'. சேக்சுபியர் 'கோரியலேனசு' நாடகத்தில் இச்சொல்லை ஆளுமிடத்தில் தனித்து வாழ்தலே பொருள். துணையின்மையால் வரும் வருத்தம் என்ற பொருள் பின்னர் ஏறி, 19ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது.

தமிழிலும் இத்தகைய ஏற்றம் நிகழ்ந்துள்ளது. தொல்காப்பிய உரியியல் 'புலம்பு' என்பதற்குத் தனிமை எனப் பொருள் கூறுகிறது. இன்று அச்சொல் அரற்றுதலையே குறிக்கும். தனித்திருத்தல் துயராகவும், துயர் வாய்விட்டு அழுதலாகவும் மாறியதை அச்சொல்லின் வரலாறே காட்டுகிறது. ஆங்கிலம் துயர் என்ற இடைநிலையில் சொல்லை நிறுத்திக்கொண்டது. தமிழ்ச் சொல் அதனைக் கடந்து சென்றுவிட்டது. எனவே இன்று 'தனிமை' இரு சுமைகளையும் தாங்கவேண்டியுள்ளது.

அது எப்போதும் குறையாவதில்லை. கார்சியா மார்க்கேசின் புதினம் எசுப்பானிய மொழியில் 1967இல் வெளிவந்தது. அதன் தலைப்பிலுள்ள 'சோலெதாத்' துயரையும் ஒதுக்கத்தையும் ஒருங்கே சுட்டுவது. கிரிகரி ரபாசாவின் 1970ஆம் ஆண்டு ஆங்கிலப் பெயர்ப்பு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டியிருந்தது, 'சாலிடியூட்' இடம்பெற்றது. 2013இல் ஞாலன் சுப்பிரமணியன், சுகுமாரன் ஆகியோரின் தமிழாக்கம் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என வந்தபோது, ஆங்கிலம் இழந்த இருபொருண்மை தானே மீண்டது. தலைப்பளவில் தமிழே மூலத்துக்கு நெருக்கமானது எனல் மிகையாகாது.

புதினத்தில் நயமாகும் இப்பொதுமை வினாப்படிவத்தில் பிழையாகிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் போலவே கல்யாணிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியும் இந்தியும் அலுவலகத்தில் ஆங்கிலமும் வழங்கும் சூழல் அது. காலை மின்தொடர்வண்டியில் மகனும் மருமகளும் மும்பைக்குச் சென்றால் திரும்ப இரவாகும். பகல் முழுதும் வீட்டிலிருக்கும் முதியவளிடம் 'லோன்லி' பற்றிய வினாவைத் தமிழில் எவ்வாறு கேட்பது? 'நீங்கள் தனியாக இருக்கிறீர்களா?' என்றால், 'இல்லையே, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள்' என்பாள். விடை உண்மை, வினாவே தவறு. 'தனிமையை உணர்கிறீர்களா?' என்பதோ நூல்நடை. அவள் செவிக்கு அது வினாவாகவே படாமற்போகலாம். அண்டை வீட்டு மராத்தியர் விரும்பிய ஒதுக்கத்துக்கு 'ஏகாந்த்' என்றும், வருத்தும் நிலைக்கு 'ஏக்டேபணா' என்றும் வேறு சொற்கள் வைத்துள்ளனர். தமிழிலும் 'ஏகாந்தம்' உண்டெனினும் அது முதற்பொருளுக்கே உதவும், வருத்தத்துக்கு உதவாது.

லாசு ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெயரால் வழங்கும் அளவுகோல் 1978இல் 20 கூற்றுகளுடன் வெளிவந்தது. 2004இல் 3 வினாக்களாகச் சுருக்கப்பட்டது. அம்மூன்றில் 'லோன்லி' என்னும் சொல்லே இல்லை. தோழமைக் குறைவு, விடுபடுதல், பிரிந்துநிற்றல் ஆகியவையே கேட்கப்படுகின்றன. ஆங்கிலேயரே அச்சொல்லைத் தவிர்க்குமிடத்தில் தமிழர் அதற்கு நிகரான பெயர்ச்சொல்லைத் தேடி வருந்துவது வியப்பே. 'பேச்சுத்துணைக்கு ஆளில்லை', 'என்னைச் சேர்த்துக்கொள்வதில்லை', 'ஒதுங்கிப்போய்விட்டேன்' என்பன கல்யாண் முதியவள் தயங்காமல் சொல்லக்கூடிய தொடர்கள். இவற்றுள் 'பேச்சுத்துணை' தனியே கருதத்தக்கது. வீட்டில் பலர் இருந்தும் அஃது இல்லாதிருக்கலாம் என்பதைத் தமிழ் வழக்கு இயல்பாகவே அறிந்துள்ளது.

ஆங்கிலம் பெயரிலும் பெயரடையிலும் வைக்கும் வேறுபாட்டைத் தமிழ் வினையில் வைக்கிறது. 'தனியாக இருந்தாள்' என்பது 'அலோன்'. 'தனித்திருந்தாள்' என்பதில் விருப்பம் புலப்படலாம். வள்ளலார் மரபில் வழங்கும் 'தனித்திரு' என்னும் ஏவல் அத்தகையது. 'தனித்துப்போனாள்' என்றவுடன் இழப்பு வந்துவிடுகிறது. 'தனித்துவிடப்பட்டாள்' எனின் பிறர் செயல் தோன்றும். 'தனிமைப்படுத்தினர்' என்பது 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் மருத்துவ வழக்காகவும் பரவியது. 'இரு', 'போ', 'விடு' ஆகிய துணைவினைகள் செய்யும் பணியைத் தனிமை என்ற பெயரின் தலையில் சுமத்துவதே தமிழாக்கங்களின் பொதுக்குறை. ஐக்கிய இராச்சியம் 2018இல் இத்துயரைக் களையும் பொறுப்பை ஓர் அமைச்சருக்கு அளித்தது. அவரைத் 'தனிமைக்கான அமைச்சர்' என எழுதின், தனிமையை வளர்ப்பவர் என்றும் பொருள்படும்.

இடங்களுக்கு அடையாக வரும் 'லோன்லி' வேறு வகையினது. சாலைக்கு வருத்தமில்லை, 'தனிமையான சாலை' எனப் பெயர்ப்போர் அதனை மறந்துவிடுகின்றனர். 'ஆளரவமற்ற சாலை' என்பதே தமிழ்.