அச்சுப் படமும் அணிசெய்த கையும்

அச்சிற் பதிந்த ஓவியம் யாருடைய படைப்பு? வரைந்தவருடையதா, அச்சிட்டவருடையதா, அதனை வாங்கி அணிசெய்தவருடையதா? அணிசெய்யப்பெற்ற இரவிவர்மா படங்கள் இவ்வினாவை எழுப்புகின்றன.

இரவிவர்மா (1848–1906) 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவினார். ஜெர்மானியத் தொழில்வல்லார் நிறத்துக்கொரு கல்லாகப் படத்தைப் பகுத்து அச்சிட்டனர். அங்ஙனம் வெளிவந்த இலக்குமி, சரசுவதி படங்கள் சிலவற்றிற் பிறகைகள் சேலைக்குத் துணியும், கரைக்குச் சரிகையும், நகைக்குச் சமிக்கியும் மணியும் ஒட்டின.

இம்மரபு புதிதன்று. தஞ்சை ஓவியத்திற் பொற்றகடும் கண்ணாடிக்கல்லும் முன்னரே இடம்பெற்றன. மன்னார்ப் பெருநிலத்துத் திருக்கேதீச்சரத்தில் மூர்த்திக்குச் செய்யும் சாத்துபடியைக் கண்டு பழகிய கண்ணுக்குக் காகிதத் தெய்வத்தை அணிசெய்தல் இயல்பாகவே தோன்றும். 1914 முதல் 1964 டிசம்பர்ப் புயல்வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிற்று. இருகரையாரிற் பலர் ஒரே வழிபாட்டு மரபினர்.

ஆயினும் அணியெல்லாம் அழகன்று. இரவிவர்மாவின் சிறப்பு ஒளிநிழலால் உடைமடிப்பைத் திரளச்செய்தல். அதன்மேல் தட்டையாகத் துணியை ஒட்டினால் உடலின் திரட்சி மறையும். வரைந்த மடிப்பின் வழியே மடித்து ஒட்டினாலோ சித்திரமும் துணியும் ஒன்றையொன்று வளர்க்கும். நல்ல படங்களில் முகமும் கைகளும் தொடப்படாமல் நிற்கும். ஓவியனின் கோட்டுக்குக் கட்டுப்பட்டு, அவன் விட்ட இடத்தில் தொடங்குவதே தேர்ந்த கையின் இலக்கணம்.

இன்று மேனாட்டுத் தெருவோவியர் ஷெப்பர்ட் ஃபேரி முதலியோர் திரையச்சின்மீது கையால் வண்ணமும் ஒட்டுத்தாளும் சேர்த்துக் கையொப்பமிட்டு விற்கின்றனர். உலகம் அதனைத் தனிப்படைப்பென மதிக்கின்றது. கோவிற்பட்டிக் கொண்டையராஜுவின் நாட்காட்டிப் படங்கள் சிலவற்றில் மாணவர் சுப்பையாவின் பெயரும் உடனிருக்கும். சரிகை ஒட்டிய கைக்கோ பெயரில்லை. பெயரின்மை படைப்பின்மை ஆகாது.

மங்கிய சரிகையை உரித்து மூலப்படத்தை மீட்க எவரேனும் முனையின், அவர் இரண்டாம் படைப்பாளியை அழிப்பவராவர். அச்சுப்படிகள் பலவாக இருக்கலாம்; அணிசெய்த படி ஒன்றே. 1990இல் மன்னார் மக்கள் பலர் வீடு துறந்து இடம்பெயர்ந்தனர். அத்தகைய காலங்களிற் காகிதமும் துணியும் எளிதில் அழிவன. ஆதலின் எஞ்சிய படமொன்று கிடைப்பின், அதனை உள்ளவாறே காத்தல் கற்றோர் கடனாகும்.