பேசும் துளை

நமக்கே உடைமையான பழைய ரவுட்டரின் மூடியைக் கழற்றி, பச்சைப் பலகையின் ஓரத்தில் எவர் கண்ணிலும் படாமல் வரிசையாக அமைந்த நான்கு துளைகளைக் காணுங்கால் உண்டாகும் ஆனந்தம் அலாதியானது. மல்டிமீட்டரின் ஒரு முனையை உலோகக் கவசத்தில் வைத்து, மறுமுனையால் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு வர, 'பீப்' என்று ஒலிப்பது கிரவுண்ட். பிறகு மின்சாரம் கொடுத்துப் பார்த்தால், 3.3 வோல்ட்டில் ஸ்திரமாக நிற்பதைத் தொடாது விலக்கிவிடலாம். இயந்திரம் விழித்தெழும் க்ஷணத்தில் எண்கள் சஞ்சலிக்கும் துளையே பேசும் துளை. கிரவுண்டையும் பேசும் துளையையும் 3.3 வோல்ட்டில் வைத்த ஒரு சிறு சீரியல் அடாப்டரோடு இணைத்து (5 வோல்ட்டில் வைத்து ஒரு ரவுட்டரைப் பஸ்மமாக்கிய பாவியின் அனுபவ வாக்கு இது), அதைக் கணினியில் சொருகி, வேகத்தை 115200 என நிர்ணயித்துக் காத்திருந்தால், இத்தனை வருஷமும் விளக்கை மாத்திரம் சிமிட்டி மௌனவிரதம் காத்த பெட்டி, லினக்ஸ் கெர்னல் முதலாகத் தன் ஜாதகம் முழுவதையும் கடகடவென்று திரையில் ஒப்பிக்கிறது; சிலவேளை, கடவுச்சொல்லும் கேளாமல் ரூட் அதிகாரத்தையே நம் கையில் கொடுத்துவிட்டு அமைதியாகிவிடுகிறது.