கற்பனைப் பெண்ணும் தைத்த கைகளும்

ரெனே ரோசன் எழுதி 2025இல் வெளிவந்த 'லெட்ஸ் கால் ஹர் பார்பி', பார்பிப் பொம்மை உருவான கதையைச் சொல்லும் ஆங்கில நாவல். இப்படியான நாவலை வாசித்தவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "ஒரு பொம்மைக்குப் பின்னால இவ்வளவு கதை இருக்கா?" என்று வியப்பவர்கள் ஒரு சாரார். "இதில எது நடந்தது, எது கட்டினது?" என்று கேட்பவர்கள் மறுசாரார்.

இரண்டாவது கேள்வியையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். மாட்டெல் நிறுவனத்தின் ரூத் ஹேன்ட்லரும், ஏவுகணை வேலையை விட்டு வந்த பொறியியலாளர் ஜாக் ரயனும் வாழ்ந்த மனிதர்கள். ஆடை வடிவமைக்கும் ஸ்டீவி கிளைன் கற்பனைப் பாத்திரம். அதில் பிழை சொல்ல ஏதுமில்லை. வரலாற்று நாவல் என்றால் அப்படித்தான்.

ஆனால், 1959 மார்ச் 9ஆம் திகதி நியூயோர்க் கண்காட்சிக்கு வந்த பார்பியின் ஆடைகளை வடிவமைத்தவர் சார்லட் ஜோன்சன். அவற்றை ஜப்பானில் வீட்டிலிருந்தபடியே கூலிக்குத் தைத்த பெண்களும் இருந்தார்கள். பொம்மையின் உருவத்துக்கே ஜெர்மனியின் 'லில்லி' முன்மாதிரி.

கற்பனைப் பெண்ணுக்கு நாவலாசிரியர் மனசைக் கொடுத்துவிடுகிறார். வாசகர் அவளோடு ஒட்டிக்கொள்கிறார். உண்மையில் உழைத்தவளோ வெறும் பெயராகிறாள். தைத்த பெண்களுக்கு அந்தப் பெயரும் மிஞ்சவில்லை.

நாவலை ரசிப்போம், சரிதான். ஸ்டீவிக்காகக் கலங்குகிற மனசு, அந்தச் சின்னஞ்சிறு பொத்தான்களைத் தைத்தது யார் என்றும் கேட்கட்டும். அந்தக் கேள்வி எழுந்தால்தான் அது வரலாற்று வாசிப்பு.