வார்மும் சக்கரமும் சந்திக்கும் இடம்

தொலைநோக்கி ரசிகர்களில் பெரும்பாலோர் தங்கள் அபிமானம் முழுவதையும் கண்ணாடிக்கே அளித்துவிடுகிறார்கள். லென்ஸின் நிறத் தூய்மையைப் பற்றியும் பரவளையக் கண்ணாடியின் தேய்ப்பு நேர்த்தியைப் பற்றியும் இரவெல்லாம் பேசக்கூடிய அவர்கள், அந்தக் கண்ணாடியைச் சுமந்துகொண்டு பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துத் திருப்பிவரும் மவுண்டைப் பற்றி, ‘ஆடாமல் நின்றால் போதும்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்வார்கள். இந்த அபிப்பிராயம் எனக்கு ஒருநாளும் உடன்பாடானதில்லை. கண்ணாடி செய்தவனுடைய சாமர்த்தியத்தைக் காண வானம் தெளிந்த இரவு வேண்டும். மவுண்ட் செய்தவனுடைய சாமர்த்தியத்தையோ, ஐப்பசி மழை கொட்டும் ஒரு பிற்பகலில், செய்தித்தாள் விரித்த மேஜையின்மேல், விரல் நுனியின் ஸ்பரிசத்தாலேயே அறிந்துவிடலாம். இன்னொருவர் பல வருஷம் உபயோகித்துக் கைமாறி வந்த மவுண்டைப் பிரித்து, துடைத்து, புதிய கிரீஸ் இட்டு மறுபடியும் பூட்டும் வேலையை நான் பராமரிப்பு என்ற கணக்கில் சேர்ப்பதில்லை; அதை ரசனையின் ஓர் அங்கமாகவே கருதுகிறேன்.

அதிலும் என் மனம் ஜப்பானின் தொகொரோஸாவா நகரத்து விக்ஸன் நிறுவனத்தார் செய்த கிரேட் போலாரிஸையே சுற்றிச் சுற்றி வருகிறது. தகாஹாஷி நிறுவனத்து மவுண்டுகளின் பக்தர்கள் இதைக் கேட்டுப் புன்னகை செய்வார்கள்; அவர்கள் போற்றும் வார்ப்பின் கனத்தையும் கடைசலின் சுத்தத்தையும் நான் மறுக்கவில்லை. ஆனால் எண்பதுகளின் சூப்பர் போலாரிஸை அடுத்து வந்த இந்த மவுண்டின் அமைப்பையே சீனத் தொழிற்சாலைகள் பின்பற்றி, உலகமெங்கும் எளியவர்களின் மொட்டைமாடிகளில் கொண்டுபோய் நிறுத்தின. தொலைநோக்கிக் குழலை மவுண்டில் பொருத்தும் அந்தச் சரிவு விளிம்புப் பட்டை இன்றும் விக்ஸனின் பெயராலேயே வழங்குகிறது. பிரதிகளை வைத்திருப்பவர்கள்கூட, ஒருமுறை மூலத்தைப் பிரித்துப் பார்த்தால், வேண்டியது வேண்டிய இடத்தில் மட்டுமே இருக்கும் அந்த மிதத்தைக் கண்டு மகிழாமல் இருக்க முடியாது.

அந்த மவுண்டிலும் என் கவனம் தங்குவது ஒரே இடத்தில்தான்: துருவ அச்சின் 144 பல் சக்கரமும், அதைத் திருப்பும் புரித்தண்டான வார்மும் ஒன்றையொன்று தொடும் இடம். நட்சத்திர நாளின் 86,164 விநாடிகளை 144-ஆல் வகுத்தால், வார்ம் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 598 விநாடிகள், அதாவது பத்து நிமிஷத்துக்கு இரண்டே விநாடி குறைவு. அமெரிக்க லாஸ்மாண்டி ஜி-11 மவுண்டின் 360 பற்களைச் சுட்டிக்காட்டி, பற்கள் பெருகப் பெருக, வானத்தைத் தொடர்வதில் நேரும் பிழை குறையும் என்று வாதிக்கும் நண்பர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அதன் வார்ம் நான்கு நிமிஷத்திற்குள் தன் சுற்றை முடித்துவிடுவதால், அதன் பிழையும் நான்கு நிமிஷத்திற்கொருமுறை திரும்பத் திரும்ப வருகிறது. கிரேட் போலாரிஸின் பிழையோ, பத்து நிமிஷத்தில் நிதானமாக ஏறி நிதானமாக இறங்குவதால், கண்ணால் தொடர்ந்து கையால் திருத்தத்தக்கதாக இருக்கிறது. பிழையிலும் ஒரு கௌரவமான நிதானத்தை விரும்புகிறவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

சக்கரத்தின் ஆரம் 36 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், அதன் விளிம்பில் ஒரே ஒரு மைக்ரான் பிசகு வானத்தில் கிட்டத்தட்ட 6 விகலையாக (ஆர்க்செகண்டாக) விரிகிறது. பத்து மைக்ரான் பருமனுள்ள தூசி ஒன்று பல்லின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால், மிக அருகில் வரும்போதும் 50 விகலை அளவே தோன்றும் வியாழன், தன் முழு அகலத்திற்கும் அதிகமாக இடம்பெயர்ந்துவிடும். ஆகவே துடைக்கும் காரியத்தில் அவசரத்துக்கு இடமே இல்லை. பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் வார்மின் புரியை அதன் போக்கிலேயே தேய்த்து, சக்கரத்தின் பல்லிடுக்குகளை இரும்பு படாமல் கூரிய மூங்கில் குச்சியால் ஒவ்வொன்றாகச் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டுச்செல்லும் பிசுக்கை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் போக்கி, நூல் உதிராத துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். பாலிஷ் பசையைத் தடவி வார்மையும் சக்கரத்தையும் ஒன்றோடொன்று உரசவிட்டு வழவழப்பாக்கும் யுக்தியைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். ஜப்பானியக் கடைசல்காரன் கொடுத்த பல்லின் வடிவத்தை நம் வீட்டு மேஜையில் மேம்படுத்திவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

இனி வருவதே கலை. வார்மைத் தாங்கும் கூட்டைச் சற்றுத் தளர்த்தி, சிறு தள்ளுதிருகுகளால் அதைச் சக்கரத்தை நோக்கி நெருக்கும்போது, ஒரு நிலையில் லூஸ் இருக்கிறது, மறு நிலையில் இறுக்கம் வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே, ஆலன் கீயின் மயிரிழைத் திருப்பத்தில், இரண்டுமே இல்லாத ஓர் இடம் இருக்கிறது. தம்புராவின் குதிரையில் ஜீவா நூலை நகர்த்தி நகர்த்தி, நாதம் திடீரென்று மலரும் அந்த ஸ்தானத்தைக் கண்டுபிடிப்பதற்கு ஒப்பான காரியம் இது. எந்தச் சக்கரமும் பூரண வட்டமாக இருப்பதில்லையாதலால், முழுச் சுற்றும் திருப்பிப் பார்த்து, மிக இறுகும் பல்லைக் கண்டு, அங்கே தடையின்றி ஓடும்படி வைத்துவிட்டு, மற்ற இடங்களில் எஞ்சும் துளி லூஸை மரியாதையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். எதிர் எடையை நகர்த்திக் கிழக்குப் பக்கத்தை ஓர் அணுவளவு கனமாக விட்டால், பற்கள் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அந்த லூஸ் கண்ணுக்கே வராது.

இவ்வளவும் கிரீஸ் இல்லாமலே செய்து முடிக்கவேண்டும் என்பது என் கட்சி. மலிவுப் பிரதிகளில் இட்டுவரும் பிசின் போன்ற கனத்த கிரீஸ் விரலுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும், அது தளர்வை நிரப்பி மறைக்கிறதே தவிரத் தீர்ப்பதில்லை. மார்கழிக் குளிரில் கட்டிப்பட்டு மோட்டாரையும் திணறவைக்கிறது. 1942-ல் கிளாரன்ஸ் ஏர்ல் காப்புரிமை பெற்ற லித்தியம் கிரீஸின் சந்ததியில், பி.டி.எஃப்.இ. கலந்த செயற்கை எண்ணெய் வகை எதுவாயினும் எனக்குச் சம்மதமே. வகையைவிட அளவே முக்கியம். பலோமர் மலையில் 1948 முதல் நிற்கும் 200 அங்குலத் தொலைநோக்கியின் சுமார் 500 டன் நகரும் பாகமே அழுத்தமூட்டிய மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல்தான் மிதக்கிறது என்றால், நம் சிறிய அச்சுக்குக் கிரீஸை அப்பிவைக்க என்ன நியாயம் இருக்கிறது? நான் இளமையில் அறிந்த கடிகாரம் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர், கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, ஊசிமுனையில் தொட்ட எண்ணெயைக் கல்லின் குழியில் வைத்துவிட்டு, “எண்ணெய் தெரியக் கூடாது தம்பி, ஓட்டம்தான் தெரியணும்” என்பார். கிரீஸ் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அவர் குரல் எனக்குக் கேட்கிறது.

இப்போது ஹார்மானிக் டிரைவ் மவுண்டுகள் வந்துவிட்டன. எதிர் எடை வேண்டாம், திறக்கவும் வேண்டாம், பிழையைக் காமிராவும் கணினியும் திருத்திக்கொள்ளும் என்கிறார்கள். பயணம் செய்பவர்களுக்கு அவை பெரிய அனுகூலம்தான். ஆனால் 1824-ல் ஜெர்மானியக் கண்ணாடி வல்லுநர் ஃபிரான்ஹோஃபரின் மவுண்ட் தோர்பாத் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தபோது, எடை இறங்கி ஓடும் கடிகாரத்தின் உதவியோடு வானியலாளர் ஸ்துரூவே ஆயிரக்கணக்கான இரட்டை நட்சத்திரங்களை ஆராய்ந்தாரே, அவருக்குப் பின்னால் நின்று திருத்தக் கணினி இருக்கவில்லை. உலோகத்திலேயே செம்மை இருந்தாக வேண்டும் என்ற அந்தக் கட்டாயம் நீங்கியதும் செம்மையும் குறைந்துகொண்டே வருகிறது. திருகின்மேல் பசை ஊற்றுகிறார்கள், பாகங்களைப் பிரித்துக்காட்டும் படத்தைக் கையேட்டிலிருந்து நீக்கிவிடுகிறார்கள், திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று முத்திரை ஒட்டுகிறார்கள்.

ஆகையால் பழையதைத் தேடுகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். பூச்சில் விழுந்த கீறலைப் பொருட்படுத்தாதீர்கள். அச்சைப் பூட்டிவிட்டு, எதிர் எடைத் தண்டின் நுனியைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைந்தால் கவலையில்லை, அது பெரும்பாலும் தள்ளுதிருகுகளால் தீரும் குறை. பிறகு வார்மைக் கையால் திருப்பிக்கொண்டே சக்கரத்தை முழுச் சுற்றும் கொண்டுவாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே சீரான கனம் தெரிந்தால் அது பழைய கிரீஸ்தான், தைரியமாக வாங்கலாம். ஒரே இடத்தில் மட்டும் நறநறவென்று தட்டினால், அது பல்லில் பட்ட காயமாக இருக்கக்கூடும், அப்படிப்பட்ட காயத்தை எந்தக் கிரீஸும் ஆற்றாது, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.